எந்தப் பக்கம் இழுத்தது

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த கையோடு வெள்ளைக்காரத் துரை கப்பலேறினார். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருந்த எங்கள் ரப்பர் சோதனைக்கூடத்துக்கு ஒரு தமிழர் தலைவரானார். நானும் அவரும் சிங்கப்பூரில் ஒரே பட்டம் வாங்கியவர்கள்தான். அவர் கூடுதலாக லண்டனில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கிருந்து கொண்டுவந்தது கழுத்துப்பட்டை மட்டும்.

கூடத்தில் ஒரு துருவஒளி நுண்ணோக்கி இருந்தது. இழுத்த ரப்பர் துண்டை அதில் வைத்தால் நிறம் பளிச்சிடும். ரப்பரின் மூலக்கூறுகள் எத்திசையில் படுத்திருக்கின்றன என்பதை அந்த நிறம் சொல்லிவிடும். இழுத்த திசையில்தான் அவை படுக்கும். எங்கள் அமைப்பில் நெடுக்கே கிடந்தால் நீலம், குறுக்கே கிடந்தால் மஞ்சள். எண்ணற்ற மூலக்கூறுகள் சேர்ந்து காட்டுகிற நிறம் அது. இவரோ வருகிறவர்களிடமெல்லாம், "ஒத்த மாலிக்யூல என் கண்ணால பாத்தேன்" என்பார். அவர் பார்த்தது தன் இமைமயிராக இருக்கும்.

ஒருநாள் மஞ்சளைப் பார்த்துவிட்டுத் துள்ளினார். இழுத்த ரப்பரில் மூலக்கூறுகள் குறுக்கே கிடக்கின்றனவாம், உலகத்திலேயே முதல் கண்டுபிடிப்பாம். துண்டைக் கால்வட்டம் திருப்பி ஒட்டினால் நீலமே மஞ்சளாகும் என்பது முதலாண்டுப் பாடம்.

"சார், எந்தப் பக்கம் இழுத்தீங்கன்னு ஸ்லைடுல குறி போடலையே?"

"நீ பாத்து எழுதும்மா. யோசிக்கிறது என் வேல லா."

காஜா பெராங்கில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு சேர்ந்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். தலைவர் தன் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், யாரையும் கேட்காமல் நான் ஒரு புதுத் துண்டை எடுத்து, எல்லார் கண்முன்னும் இழுத்து, லென்ஸின் கீழ் நெடுக்காகப் பொருத்தினேன். ஓர் அதிகாரி குனிந்து பார்த்தார்.

"நீலமா இருக்கே?"

தலைவர் கண்கூடச் சிமிட்டவில்லை. "அது வேற எஸ்டேட் ரப்பர் சார். வாங்க, மீ ஆறிடும்."

எல்லாரும் எழுந்து அந்த நூடுல்ஸைச் சாப்பிடப் போய்விட்டார்கள். எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மூலக்கூறு திசைமாறிப் படுக்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவர்களுக்கும் விஷயம் தெரியாது. மீ மட்டும் தெரியும்.

சீக்கிரமே அவருக்குத் தலைநகரில் பெரிய பதவி கிடைத்தது. புறப்படும்போது என் மேசைக்கு வந்தார்.

"ஒனக்கு அனுசரிச்சுப் போகத் தெரியலம்மா."

"ஆமா சார். ரப்பருக்கும் தெரியல."

அவருக்குப் புரியவில்லை. வாழ்த்து என்று எண்ணிக்கொண்டு கைகுலுக்கினார். கார் போனதும் அவருடைய உலகக் கண்டுபிடிப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, கண்ணாடித் தகட்டைக் கழுவி வைத்தேன். எங்களிடம் தகடு எப்போதும் தட்டுப்பாடு.