ஏஞ்சலின் செய்த மடவை சிஸ்டம்

தருவைகுளத்தில் என் பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளையும் என் படகு யார்டுக்கு வழி காட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நானூற்றுப் பன்னிரண்டு ஃபைபர் படகு இறக்கியிருக்கிறேன். மீனவர் சங்கத்துக்கு மூன்று தடவை தலைவர். அப்படிப்பட்ட நான் ஏஞ்சலின் விஷயத்தில் தப்புச் செய்தேன்.

பஸ் ஸ்டாப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவள் ஏஞ்சலின். சங்கத்துக் கம்ப்யூட்டர்கள் பழையதாகிப் படுத்துவிட்டபோது, கம்ப்யூட்டரை ஓட்டுகிற டெபியன் என்கிற லினக்ஸ் சிஸ்டத்தை எடுத்தாள். அதை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாமாம். இரண்டு வருடம் உட்கார்ந்து மாற்றினாள். திறந்தால் எல்லாம் தமிழ், அதுவும் நம் பேச்சு. கடலுக்குப் போகும் படகுக்கு அனுமதி டோக்கன் அடிப்பது அதற்குள்ளேயே இருந்தது. கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்தில் நிற்கும். மடவை என்று மீன் பேர் வைத்தாள். எங்கள் சங்கம் எடுத்தால் வேம்பார் வரைக்கும் மற்ற ஊர்ச் சங்கங்களும் எடுக்கும். அவளுக்கு அதுவே தொழிலாகிவிடும். அப்போது நான்தான் தலைவர், முடிவு என் கையில்.

சங்கக் கூட்டத்தில் ரெக்சன் எழுந்தான். ஹார்பர் ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் பார்ப்பவன்.

"அண்ணாச்சி, இது தனி சிஸ்டமே இல்ல. டெபியனுக்குச் சட்டைய மாத்திவிட்டிருக்கா."

"ஏளா, அடுத்தவன் படகுக்குப் பெயிண்ட் அடிச்சு ஒம் பேர எழுதுதியா?" என்றேன் ஏஞ்சலினைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள்.

"அடியில இருக்கது டெபியன்தான், நான் மறைக்கல. ஒங்க மொத படகுக்கு அச்சு எங்கன எடுத்திய அண்ணாச்சி?" என்றாள்.

சிரிப்பு நின்றது. கொல்லத்துப் படகு ஒன்றை வாங்கி, நம் அலைக்குத் தக்கபடி முகப்பை உயர்த்தி, அடியை அகலமாக்கி, அதன் மேலேயே அச்சு எடுத்தவன் நான். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்த அன்றிலிருந்து அது என் படகு. இல்லை என்றவனை அடிக்கப் போயிருக்கிறேன்.

அவள் சொன்னது எனக்குப் புரியத்தான் செய்தது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது. வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருடம் அவள் கடையைக் காலி செய்து கொச்சிக்கு வேலைக்குப் போனாள். வெளியூர்க் கம்பெனி கொடுத்த இங்கிலீஷ் சிஸ்டத்தில் டோக்கன் அடிக்க எங்கள் ஆட்கள் விடியுமுன் வரிசையில் நிற்கிறார்கள்.

போன மாதம் அவளுக்குப் போன் போட்டேன்.

"மடவைய இப்ப போட்டுத் தருவியாம்மா?"

"அதப் பாக்காம விட்டு மூணு வருசம் ஆச்சு அண்ணாச்சி. டெபியன்ல திருடன் நுழையுத ஓட்டை வந்தா அதச் செய்யுதவங்க அடைச்சிருதாங்க. நான் மாத்தினதுல வந்தா நான்தான அடைக்கணும். இனிமே போட்டா ஆபத்து."

"டெபியன்?"

"அது நல்லா ஓடுது. மடவைதான் செத்துட்டு."

டெபியனும் மடவையும் ஒன்றென்றால் மடவை மட்டும் எப்படிச் சாகும்? அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.