ஒரு பக்கத்தில் மட்டும் எழுந்த மேடு

1. செல்வராணி கொண்டுவந்த படம்

நொன்லீனியர் எலிப்டிக் சமன்பாடுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வுகள் இருக்கலாம் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவன் நான். அப்படியிருந்தும் செல்வராணி மேசையில் விரித்த படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அவர் நாவலப்பிட்டியில் கணித ஆசிரியை. நாற்பதைத் தொட்டவர். சனிக்கிழமைகளில் ரயிலேறிக் கண்டிக்கு வந்து என்னிடம் எம்.பில். ஆய்வு செய்தார். பல்கலைக்கழகத்தில் எங்கள் கணிதப் பகுதியில் விரிவுரையாளர் இடமொன்று காலியாக இருந்தது. அதை அவர் எவ்வளவு விரும்பினார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அவர் சமன்பாட்டைத் தீர்க்க எடுத்த பரப்பு, எங்கள் பேச்சில் களம், டம்பெல் வடிவம்: ஒரே அளவான இரண்டு வட்டங்கள், நடுவே ஒடுங்கிய பாதை. தீர்வு இரு வட்டத்திலும் சமமாக மேடு கட்டும் என்பது என் எண்ணம். படத்திலோ இடது வட்டத்தில் மட்டும் மேடு. வலது பக்கம் கிட்டத்தட்டத் தட்டை.

“இது பிழை, பிள்ளை. உம்மட புரோகிராம் எங்கயோ சறுக்கியிருக்கு.”

“இல்லைங்க சேர். மெஷ் கட்டங்கள இன்னும் சின்னதாக்கியும் பார்த்துட்டேன். அப்படியேதான் வருது.”

2. நான் சரிபார்த்த விதம்

கம்பியூட்டர் நேரத்தை மிச்சம்பிடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. களம் சமச்சீர் என்றால் பாதியை மட்டும் கணித்து, மறுபாதியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பிரதி எடுப்போம். நானும் அப்படியே செய்தேன். இரண்டு சமமான மேடுகள் வந்தன.

“பாத்தீரோ? அந்த ஒருபக்க மேட்டுச் சப்டரை வெளிய எடுத்தால்தான் ஆய்வேட்டில கையெழுத்து வைப்பன்.”

எடுத்தார். ஆய்வு மெலிந்துபோனது. பட்டம் கிடைத்தது, விரிவுரையாளர் இடம் வேறொருவருக்குப் போனது.

3. நாவலப்பிட்டியில்

ஓய்வுபெற்ற பிறகு ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் அதே சமன்பாட்டைக் கண்டேன். ஒருபக்க மேட்டை யாரோ நிறுவியிருந்தார்கள். உடனே முழுக் களத்தையும் போட்டுக் கணித்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை, செல்வராணியின் மேடு வந்து நின்றது. பிரதி எடுக்கும் கணிப்பில் ஒருபக்க மேடு எப்படி வரும்? முதல் வருட மாணவனே கேட்டிருப்பான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

இளையவர்களே, ஒரு தீர்வு இல்லை என்று சொல்லுமுன், அது வருவதற்கு உங்கள் கணிப்பில் வழி விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மறுநாளே நாவலப்பிட்டிக்குப் போனேன். செல்வராணி கதிரையை இழுத்துப்போட்டுப் பால் விடாத பிளேன்டீ தந்தார்.

“நான் பாதியைத்தான் போட்டுப் பாத்திருக்கிறன், பிள்ளை. இப்பதான் விளங்கினது. என்னை மன்னிச்சுக்கொள்ளும்.”

“எனக்கு அன்னைக்கே தெரியும், சேர்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“சொன்னேன், சேர். ரெண்டு சனிக்கிழமை சொன்னேன்.”

எவ்வளவு யோசித்தும் அந்த இரண்டு சனிக்கிழமைகளும் எனக்கு நினைவில் வரவில்லை.