காப்பி இலைச் சுருட்டு

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன மறு வருஷம் அது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை நிறைய காய்ந்த காப்பி இலை. மலைக்குளிரில் அவருக்கு ஓயாத காய்ச்சல். "இனி அங்க போனா பொழைக்க மாட்டங்க்கா" என்று அம்மாவிடம் அழுததை நானே கேட்டேன். அப்பா தன் மில்லில் ஒரு வேலைக்குச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

மில் விட்டு வரும் அப்பாவுக்கு மாமா நாலு இலையை வெந்நீரில் போட்டு, பனைவெல்லம் தட்டிக் கொடுப்பார். உடம்புவலி பறந்துவிடுமாம்.

"ஒரு டம்ளருக்கு மேல வாணாம் மச்சான், தூக்கம் புடிக்காது. மாசமா இருக்கறவங்களுக்குக் குடுக்கவே கூடாது" என்று எச்சரிக்கையும் உண்டு.

எனக்குப் பள்ளிக்கூடம்தான் ஆகாது, வியாபாரம் நன்றாக ஆகும். அந்த இலையைச் சுருட்டி, 'எஸ்டேட் சுருட்டு' என்று தெருப் பையன்களுக்கு ஒரு கோலிக்கு ஒன்றாகக் கொடுத்தேன். நாலே நாளில் பை காலி. உடனே என் மூளை வேலை செய்தது. அதற்கு அது ஒரு கெட்ட பழக்கம். கோயில் மதிலோரத்து நந்தியாவட்டை இலையும் அதே பளபளப்புதானே? பறித்துக் காயவைத்துப் பையை ரொப்பிவிட்டேன்.

அன்று மாமா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அம்மாதான் போட்டுக் கொடுத்தாள். குடித்த அப்பாவுக்கு வாந்தி, தலைசுற்றல்.

"உந்தம்பி என்னக் கொல்லப் பாத்தான்டி! இவனுக்கு நான் வேல வேற வாங்கித் தரணுமா?"

திரும்பி வந்த மாமா பையைக் கொட்டி, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மும்முரமாகக் கோலி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு எம்மேலதான் மச்சான். பாக்காம எதையோ பறிச்சாந்துட்டேன்" என்றார்.

அப்பா மூன்றாம் நாள் எழுந்துவிட்டார். மாமாதான் மறுபடியும் மலைக்குக் கிளம்பினார். பஸ் ஏறுமுன் என் காதைப் பிடித்து, வலிக்காமல் திருகினார்.

"இனிமே எலயப் பத்தவெச்சு இழுக்காதடா. நெஞ்சு கெட்டுப்பூடும்."

பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். எந்தப் பயல் காட்டிக் கொடுத்தான் என்று ஒவ்வொருவனையாக நினைத்துப் பல்லைக் கடித்தேன். எல்லாம் தெரிந்த மனுஷன் அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.