அண்ணன் கழற்றிய புஜக்கட்டை

பீரோ மேல் துணி சுற்றி வைத்திருக்கிறேனே, அது என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், பிள்ளைகளே. அது உங்கள் பெரியப்பாவின் புஜக்கட்டை. கூத்தில் பெரிய வேஷக்காரர்கள் தோளில் கட்டுவது. கண்ணாடிச் சில்லுகள் பாதி உதிர்ந்துவிட்டன. அவர் வியர்வை ஊறிய கயிறு மட்டும் இன்னும் விறைப்பாக இருக்கிறது.

மத்தூர்ப் பக்கம் எங்கள் அப்பா ஒரு கூத்து ஜமா நடத்தினார். ராஜா வேஷமும் அவர்தான், சட்டமும் அவர்தான். எனக்குக் கட்டியக்காரன் வேஷம். மேடைக்கு வருகிறவர்களை எல்லாம் கேலி பேசிச் சிரிக்க வைக்க வேண்டும். ஓசூர்க் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுப் போய் ஆடுவேன். வயசாகி அப்பா ராஜா வேஷத்தை விட்டு ஆர்மோனியத்தில் உட்கார்ந்தபோது, மூத்தவன் நமக்குத்தான் வரும் என்று அண்ணன் காத்திருந்தார். அப்பா அதை அக்கா புருஷனுக்குக் கொடுத்தார். "கொரல் இருக்கறவன் கட்டட்டும்" என்றார். அண்ணனுக்கு ராஜாவின் தம்பி வேஷம்தான். அதையும் கட்டிக்கொண்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஊர்ச் சனத்துக்கு முன்னால் கேட்டால் அப்பா வெட்கப்பட்டு மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். அந்த வருஷத் திருவிழாக் கூத்தில் திரை விலகி ராஜாவும் தம்பியும் வந்து நின்றதும் அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்: "ஏன்யா, மூத்த புள்ள நீ குத்துக்கல்லாட்டம் நிக்கற, மருமவன் தலையில எப்படிய்யா கிரீடம் ஏறுச்சு?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோருக்கும் எங்கள் வீட்டு விஷயம் தெரியும். மாமா தலைகுனிந்தார். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "பதில் சொல்றவரு அதோ பொட்டி வாசிக்கறாருடா." அப்பா ஆர்மோனியத்தை விட்டு நிமிரவில்லை. சுருதியை மட்டும் கூட்டினார்.

அண்ணன் கடைசிவரை ஒரு அடி பிசகாமல் ஆடினார். பிறகு கட்டையைக் கழற்றி என் மடியில் வைத்தார். "தமாஷ் நல்லா இருந்துச்சுடா" என்றார். அதற்குப் பிறகு அவர் வேஷம் கட்டவில்லை. திருவிழாவெல்லாம் முடிந்ததும் ராஜா வேஷத்தை மூத்தவனுக்கே கொடுத்துவிடலாம் என்று அப்பா இருந்தாராம். அம்மா பின்னால்தான் சொன்னாள். "நாலு பேரு சிரிச்சதுக்கப்புறம் குடுத்தா, பயந்து குடுத்தேம்பானுங்க" என்றாராம் அப்பா. சாகும்வரை கொடுக்கவில்லை.

இப்போது அண்ணனும் ஓசூரில்தான் இருக்கிறார், வேறு கம்பெனியில். ஷிப்ட் மாறும் நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் பார்ப்போம். "சாப்டியா?" என்பார். "ஆச்சுண்ணா" என்பேன். வேறு எதையாவது சொல்ல வாயெடுப்பேன், அதற்குள் பஸ் வந்துவிடும். ஊரையே கேலி பேசிய வாய்தான்.

அந்தக் கட்டையைக் கீழே இறக்காதீர்கள், பிள்ளைகளே. இறக்கினால் நான் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும்.