பிறந்த வீட்டுக் கோடி

கூக்கால் மலைக்கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தில் பெரியவர் ஒருவர் மடியில் புதுச்சேலையோடு காத்திருக்கிறார். குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பியபோது, கட்டிக்கொடுத்த தங்கை மட்டும் கொழும்பில் தங்கிவிட்டாளாம். இன்று காலை அவள் இறந்துவிட்டாள். பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் உடலை எடுக்கமாட்டார்கள். சென்னையிலிருக்கும் பெரியவரின் மகன் மாலையில் விமானம் ஏறுகிறான். சேலை இங்கே இருக்கிறது.

"சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரந்தானே ஐயா" என்கிறேன்.

"இங்கேருந்து சென்னைக்கு ராவு முழுக்க போகணுமே, தம்பி. பஸ்ஸையே இன்னும் காணோம்."

அவரது கைபேசி அடிக்கிறது. மகன்தான்.

"நீ வெரசா கெளம்புய்யா. அங்கனயே ஒரு சேலை எடுத்துக்க. அவ அண்ணன் எடுத்ததுன்னு சொல்லிப் போத்து."

பேருந்து வருகிறது. நான் ஏறுகிறேன். அவர் எழவில்லை. சேலையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை, கிழியாமல், நகத்தால் மெல்ல உரித்துக்கொண்டிருக்கிறார்.