ஈறு நிறத்தில் ஒரு ஸ்பூன்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. பல்செட்டுக்காரர் என்றால்தான் தெரியும். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் மென்றார்கள், சிரித்தார்கள், பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டினார்கள். ஆனால் அவர்களில் ஒருவருடைய வாயையும் அவர் பார்த்ததில்லை. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த பட்டறையில் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை நட்டு, பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறப் பிளாஸ்டிக்கை அழுத்தி வேகவைப்பார். ராவி, மெருகேற்றி, டப்பாவில் போட்டு அனுப்புவார். ஆள் வேண்டாம், அச்சு போதும். செட் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தால் அதற்கும் பதில் தயார்.

"அச்சு தப்பு. என் வேலையில தப்பு கிடையாது."

இப்படிப்பட்ட கைகாரர் வீட்டில் ஒரு ஆணி அடித்தவர் இல்லை. குளியலறைக் கதவின் கொக்கி விழுந்து, அங்கே ஒரு கயிறு வந்து, அந்தக் கயிறும் நைந்து போயிருந்தது. கேட்டால், "நாள் பூரா அதைத்தானே பண்றேன், வீட்லயுமா?" என்பார். மனைவி துணிக்கடையில் துணி அளந்து வெட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். சாப்பாடு ஆச்சா, கதவைப் பூட்டியாச்சா என்ற அளவில் அவர்கள் பேச்சு நின்றது. சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கும் கொஞ்சம் பேச வேண்டுமே.

பிறகு அவள் கைகளுக்கு முடக்குவாதம் வந்தது. விரல் முட்டிகள் வீங்கின. விரல்கள் ஒவ்வொன்றாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தன. கத்திரிக்கோல் போயிற்று, கடை வேலை போயிற்று, பொத்தான் போயிற்று. கடைசியில் ஸ்பூனும் விரலிடுக்கில் நிற்காமல் நழுவத் தொடங்கியது.

வெளியூரில் இருக்கும் மகள் வந்திருந்தபோது இதைப் பார்த்தாள். பதறிப்போய் அம்மாவின் கையிலிருந்த ஸ்பூனை வாங்கி, "ஆ காட்டும்மா" என்று ஊட்டினாள். அம்மா மறுபேச்சில்லாமல் விழுங்கினாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். கயிறு கட்டிய கதவு எதை மறைக்கும்? அவருக்கு எல்லாம் கேட்டது.

மகள் ஊருக்குப் போனதும் அவள் சொன்னாள்: "இனிமே யாராவது ஊட்டினா எனக்குச் சாப்பாடே வேணாம்."

சொன்னால் சொன்னதுதான். தன்னால் முடிந்தவரை அள்ளிச் சாப்பிடுவாள், நழுவினால் தட்டைத் தள்ளிவிடுவாள். ரவிக்கை தோளில் தொளதொளத்தது. அடுத்த மாதம் மகள் மறுபடி வருவதாக இருந்தது. வந்தால் சும்மா இருக்க மாட்டாள், ஊட்டத்தான் வருவாள். அதோடு இவள் சுத்தமாகச் சாப்பாட்டை நிறுத்திவிடுவாள் என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் பட்டறையில் உட்கார்ந்து ஒரு ஸ்பூனின் காம்பை அறுத்தார். பருமனான, பிடிமானமுள்ள பிடி வேண்டும். அதற்கு அச்சு? மனிதருக்கு வேறு எப்படி யோசிக்கத் தெரியும்? கதவுக்குப் பின்னால் அவளுடைய பழைய குடை தொங்கியது. வருஷக்கணக்காகக் கடைக்குப் பிடித்துக்கொண்டு போன குடை. அதன் ரப்பர்ப் பிடி அவள் விரல்களுக்கு ஏற்ப அங்கங்கே குழிந்திருந்தது. இதைவிட நல்ல அச்சு எந்த டாக்டர் கொடுப்பான் என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளிடம் மூச்சு விடவில்லை. அந்தப் பிடியை அச்செடுத்து, வேகவைத்து, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றி, சாப்பாட்டு மேஜையில் அவள் முன்னால் நீட்டினார்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள்.

வாரம் ஒன்று போனது. ரவிக்கை இன்னும் தொளதொளத்தது. ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவும் இடத்தில் அந்த ஸ்பூனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் ஏற்றிய மெருகு அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு மங்கல் இல்லை. அதில் யாரும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

"ஏன் சொல்லல?"

"அவ்வளவு ஆசையா நீட்டினீங்க. எப்படிச் சொல்றது?"

"வலிக்குதா?"

"வலிக்காம? இது என் பழைய கைக்குச் செஞ்சதுங்க. அந்தக் கை இப்ப எங்கிட்ட இல்லையே."

அச்சு தப்பு என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார். இந்த முறை அச்சு எடுத்தது அவரேதான். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், எதிரெதிரே உட்கார்ந்து, அவள் கை எப்படி ஆகிவிட்டது என்று ஒருதரம் உற்றுப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"கையைக் கொடு" என்றார்.

மெழுகை வெந்நீரில் இளக்கி, ஸ்பூன் காம்பைச் சுற்றி உருட்டி, அவள் கையில் வைத்தார். எப்படிப் பிடித்தால் வலிக்கவில்லையோ அப்படியே பிடிக்கச் சொன்னார். சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் விலகி விலகிப் போனது. அதைத் தன் கட்டைவிரலால் மெழுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெழுகு ஆறும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கல்யாணத்தப்பகூட இவ்வளவு நேரம் என் கையப் பிடிக்கல நீங்க" என்றாள்.

"பேசாத. அசையும்."

மெழுகை எடுத்துப் பார்த்தால் இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தது. அவள் சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "இவ்வளவு கோணலாவா இருக்கு?" அவர் மெழுகைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரல் குழிக்குப் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ஆழமாகப் பதிந்திருந்தது. வேலை செய்தவன் விரல் தெரிந்தால் அது வேலையே இல்லை என்பது அவர் கட்சி. அடைக்க மெழுகை எடுத்தார்.

"இருக்கட்டுங்க" என்றாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மகள் வந்து மேஜையில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கோணல் ஸ்பூனால் சூப்பை மொண்டு வாய்க்குக் கொண்டுபோனாள். கொஞ்சம் சிந்தியது. இரண்டாவது முறை சிந்தவில்லை. மகள் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வீடு அடங்கவில்லை. சீப்புக்கு ஒரு பிடி, சாவிக்கு ஒரு பிடி, பேனாவுக்கு ஒரு உருண்டை. குளியலறைக் கதவுக்கு, கடைசியாக, ஒரு கொக்கி.

"எல்லாம் ஈறு கலர்லயே இருந்தா எப்படிங்க? வீடே வாயப் பொளந்துகிட்டு நிக்குது" என்று அவள் குறைப்பட்டாள். பல்லுக்குப் போடுகிற பிளாஸ்டிக்கில் நரம்பு மாதிரித் தெரிய சிவப்பு இழைகளைக் கலப்பார்கள். அதை அவர் சொல்லக் கேட்டதும், கடைக் காலத்தில் சேர்த்து வைத்திருந்த துண்டுத் துணிகளிலிருந்து நூல் பிரித்துக் கொண்டுவந்தாள். நிறமில்லாத பிளாஸ்டிக்குக்குள் நீலத்தையும் பச்சையையும் வளைத்து வைப்பது அவள் வேலை ஆயிற்று. ஒரு இழையை வைக்க அந்த விரல்களுக்கு வெகுநேரம் ஆகும். அவர் அவசரப்படுத்த மாட்டார். மாடிப்படிக்குக் கீழே இன்னொரு ஸ்டூல் வந்தது. இருவரும் அங்கே பேசியதை எல்லாம் சேர்த்தால், முன்பு வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் பேசியதைவிட அதிகம் இருக்கும்.

நோய் நின்றுவிடவில்லை. கை மேலும் கோணியது. ஒரு பிடி வலிக்கத் தொடங்கினால், "பொருந்தலைங்க" என்று இப்போது உடனே சொல்லிவிடுவாள். அவரும் மெழுகை இளக்குவார். ஒவ்வொரு முறையும் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வார். பழையவை இழுப்பறைக்குள் போயின. ஒன்றைவிட ஒன்று கோணல்.

அவள் போனது நெஞ்சுச் சளியில். அன்று காலையில்கூடத் தன் கையால்தான் சாப்பிட்டாள்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, மகள் அந்த இழுப்பறையைத் திறந்தாள். கடைசி ஸ்பூனை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். எப்படிப் பிடித்தாலும் உள்ளங்கையில் குத்தியது.

"அம்மா இதை எப்படிப்பா பிடிச்சாங்க?"

காட்டுவதற்காகக் கையில் வாங்கினார். அவர் விரல்களுக்கும் அது அடங்கவில்லை. ஆனால் ஓரத்தில் ஒரே ஒரு குழி, தேடாமலே, அவர் கட்டைவிரலுக்கு அகப்பட்டது.

"அவ பிடிச்சது எனக்கு வரலம்மா" என்றார். "நான் பிடிச்ச இடம் இது."

ஸ்பூனை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. மகளும் கேட்கவில்லை.