ஈரக்கால்

பள்ளி விட்டு வந்த மகள் வாசலிலேயே ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பப்பா, பத்பூ, ஒரே நாத்தம்" என்றாள். கால் கழுவி வந்தவளிடம் துண்டைக் கொடுத்து, விரல் இடுக்கெல்லாம் துடைக்கச் சொன்னேன். "அச்சா அச்சா, தொடைக்கிறேன்" என்று அலுத்துக்கொண்டாள். இந்த ஒரு விஷயத்தில் நான் கொடுங்கோலன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாடை என்னைப் பழைய தில்லி நாட்களுக்கு, சரோஜினி நகருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வேலைக்கு வந்த புதிது. அரசுக் குடியிருப்பு ஒன்றின் பின்னறையில் என்னோடு தங்கியிருந்தவர் சாமுவேல் அண்ணன். திருநெல்வேலிப் பக்கம். நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை வேறு. இருவருமே செருப்போடு வளர்ந்தவர்கள். தில்லிக் குளிர்தான் எங்களுக்கு ஷூவையும், அங்கே மோஜா என்கிற காலுறையையும் மாட்டிவிட்டது. நடைபாதையில் வாங்கிய ரெக்சின் ஷூவைத் தோல் என்று நம்பியது என் சாமர்த்தியம்.

அண்ணனைப் போன்ற சுத்தக்காரரைப் பார்க்க முடியாது. உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் வாசல் குழாயில் கால் கழுவுவார். ஆனால் கழுவிய காலைத் துடைக்கிற பழக்கம் நம்மில் யாருக்கு இருந்தது? ஊர் வெயிலில் நாலு எட்டு வைத்தால் தானே காய்ந்துவிடும். ஈரக்காலை அப்படியே மோஜாவுக்குள் நுழைத்துக்கொண்டு கிளம்புவார். மூடுபனியில் கொடியில் கிடக்கிற மோஜாவும் காயாது. வேர்வைக்கென்று பெரிய நாற்றம் கிடையாது; காற்றுப் புகாத ஈரத்தில் கிருமி பெருகித்தான் வாடை வரும். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. நாறியதால் இன்னும் கழுவினார், கழுவியதால் இன்னும் நாறியது. பவுடரைக் கொட்டிப் பார்த்தார், அது மாவாகப் பிசைந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் ஆராதனைதான் அவருக்கு ஊர். முடிந்ததும் கிடைக்கிற டீக்கும் தமிழுக்குமாக நானும் ஒட்டிக்கொள்வேன். அந்தச் சர்ச்சில் ஷூவை வெளியே விட வேண்டும். ஒருநாள் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணன் உள்ளே போகவில்லை. குளிரில் வெளிச்சுவர் ஓரமாக நின்று ஜன்னல் வழியே வந்த பாட்டுக்கு உதடசைத்தார். நான் எழுந்து வெளியே போய்க் கூப்பிட்டேன்.

"உள்ள வாங்கண்ணே."

"கால கழுவிட்டுத்தான தம்பி வாரேன். பொறவு ஏன் நாறுது?"



ஊறிப்போன விரல் இடுக்கில் தோல் வெடித்திருந்தது. சர்க்கரைக் காலுக்கு வலி தெரியவில்லை. வாடை கூடியபோதும் பழைய வாடைதான் என்றிருந்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரல்கள் கறுத்திருந்தன. முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு கணுக்காலுக்கு மேலே.

கக்கத்தில் கட்டையோடு வந்த முதல் ஞாயிறு, ஒற்றை ஷூவை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"இப்பம் வாடை அடிக்கல்லல்லா, தம்பி?"

"இல்லண்ணே" என்றேன்.

கோடையில் ஊருக்குப் போனவர் அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்கவில்லை. அந்தக் குடியிருப்பையும் இடித்துவிட்டார்கள். குழாய் எங்கே இருந்தது என்று என்னாலேயே இப்போது காட்ட முடியாது. அந்தக் காலைத் துடைக்க ஒரு பழந்துணி போதுமாயிருந்திருக்கும்.